மூளையை மட்டும் மாற்றுவதா, முழுவதையும் மாற்றுவதா?





இம்மாதம் ஒரு சின்னஞ்சிறு சாமானைப் பற்றிப் பேசுவோம். அளவைப் பார்த்தால் ஒரு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டுக்கும் காணாது. ஆனால் இன்று பல வீடுகளில் வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையே பேச்சு வளர்வதும், உம்மா நடுவில் நின்று இரு பக்கமும் சமாதானம் சொல்வதும் இந்தச் சாமானின் பெயரால்தான். புரொசசர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கம்பியூட்டரின் மூளை என்று நாம் வைத்துக்கொள்வோம்.

“கேம் விளையாடும்போது தடக்குது வாப்பா, புரொசசர் பழசாகிட்டு, புதுசு போடணும்” என்கிறான் மகன். “வாங்கும்போது நல்லதென்றுதானே வாங்கினோம், அதற்குள் என்ன வந்தது?” என்கிறார் வாப்பா. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் இருவரிடமும் இல்லாத ஒன்று உண்டு. அதுதான் கணக்கு.

காய்ச்சலோடு வருபவரின் கையைப் பிடித்துப் பார்க்காமலே மருந்து எழுதும் வைத்தியரிடம் நாம் போக மாட்டோம். கம்பியூட்டர் விஷயத்தில் மட்டும் மருந்தை முதலில் வாங்கிவிட்டு நோயைப் பிறகு தேடுகிறோம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவரை ஏறியதை நாம் யாரும் மறக்கவில்லை. கம்பியூட்டர் உதிரிப்பாகம் அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வருபவை. தவறான ஒரு பாகத்தை வாங்கினால் வீணாவது, வாப்பா பல மாதங்களாக மிச்சம் பிடித்த காசு.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகளை முதலில் சொல்கிறேன். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஒரேயொரு நிபந்தனை: வாப்பாவும் மகனும் ஒன்றாக அமர்ந்து செய்ய வேண்டும்.

நோய் எங்கே இருக்கிறது?

ஒரு விளையாட்டு ஓடும்போது இருவர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். என்ன நடக்க வேண்டும் என்று கணக்குப் போடுபவர் புரொசசர். அதைப் படமாக வரைந்து திரைக்கு அனுப்புபவர் கிராபிக்ஸ் கார்ட். இருவரில் யார் பிந்தினாலும் மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும். ரொட்டி தட்டுபவர் ஒருவர், சுடுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுபவர் சும்மா நின்றால் தட்டுபவர் பிந்துகிறார் என்று அர்த்தம். தட்டிய ரொட்டி குவிந்து கிடந்தால் பிந்துபவர் சுடுபவர்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. விண்டோஸில் கேம் பார் என்றொரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் ஜி எழுத்தையும் ஒன்றாக அழுத்தினால் அது திறக்கும். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே புரொசசர் எத்தனை சதவீதம், கிராபிக்ஸ் கார்ட் எத்தனை சதவீதம், ரெம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று திரையின் ஓரத்தில் காட்டும். சோதனைக்கு முன் விளையாட்டின் செட்டிங்கில் வேகத்துக்குப் போட்டிருக்கும் வரம்பை எடுத்துவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்ட் 95 சதவீதத்துக்கு மேல் ஓயாமல் நின்றால், பிந்துபவர் அவர்தான். புதிய புரொசசர் போட்டாலும் பெரிய மாற்றம் ஒன்றும் வராது. கிராபிக்ஸ் கார்ட் 50, 60 சதவீதத்தில் சாவகாசமாக இருக்க, விளையாட்டு தடக்கித் தடக்கி ஓடுகிறதா? அப்போதுதான் புரொசசர் மீது சந்தேகம் வர வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புரொசசரின் மொத்தக் கணக்கு 60 சதவீதம் என்று காட்டினாலும் அது களைத்திருக்கலாம். பல விளையாட்டுகள் முக்கிய வேலையை ஓரிரு கோர்களிலேயே சுமத்துகின்றன. நான்கு பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஒருவர் தூக்க, மற்ற மூவர் பார்த்து நிற்பதைப் போன்றது அது.

சந்தேகத்தை உறுதி செய்ய இரண்டாவது சோதனை. விளையாட்டின் படத் தெளிவை 1920×1080 என்ற அளவிலிருந்து 1280×720க்குக் குறையுங்கள். இதனால் வரைபவரின் சுமை குறையும். கணக்குப் போடுபவரின் சுமை அப்படியே இருக்கும். வேகம் நன்றாகக் கூடினால் குறை கிராபிக்ஸ் கார்டில். வேகம் அசையாமல் நின்றால் குறை பெரும்பாலும் புரொசசரில் அல்லது ரெம்மில்.

மூளை மீது பழி போடுமுன்

நம் நாட்டின் வெக்கையிலும் தூசியிலும் ஐந்தாறு வருடம் ஓடிய கம்பியூட்டரைத் திறந்து பார்த்தால் மின்விசிறியில் கம்பளம் விரித்தது போல் தூசி இருக்கும். புரொசசருக்கும் அதன் குளிரூட்டிக்கும் இடையே பூசிய தேர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். சூடு எல்லை மீறினால் புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். இன்டெல்லின் பல புரொசசர்களுக்கு இந்த எல்லை 100 பாகை செல்சியஸ். எச்.டபிள்யூ.இன்போ போன்ற இலவச மென்பொருளால் சூட்டைப் பார்க்கலாம். விளையாடும்போது எல்லையைத் தொடுகிறது என்றால், தூசி தட்டி, பேஸ்ட் புதிதாய்ப் பூசிவிட்டு மீண்டும் சோதியுங்கள். சிறு செலவோடு விஷயம் முடிந்துவிடவும் கூடும்.

அடுத்தது ரெம். 8 ஜீ.பீ. ஒற்றைத் துண்டோடு ஓடும் கம்பியூட்டர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. இன்றைய விளையாட்டுகள் பலவற்றுக்கு 16 ஜீ.பீ. வேண்டும். அதையும் இரண்டு துண்டுகளாக, உரிய இரண்டு இடங்களில் போட்டால்தான் புரொசசருக்குத் தரவு இரண்டு பாதைகளில் வரும். ரெம்மில் எழுதியிருக்கும் முழு வேகம் பயோஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கினால்தான் பல மதர்போர்டுகளில் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பாவிக்காமலே வருடக்கணக்கில் வைத்திருப்போர் பலர்.

மொனிட்டரையும் பாருங்கள். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. ஏற்கெனவே 90 படம் ஓடும் விளையாட்டை 150 ஆக்குவதற்காகக் காசைக் கொட்டினால், அந்த மேலதிகம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியப்போவதில்லை.

ஒரே வயது, இரண்டு விதி

இத்தனைக்கும் பிறகு குறை புரொசசரில்தான் என்று முடிவானது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் புரொசசர் நல்லது என்பதல்ல. நம் மதர்போர்ட் எதை ஏற்கும் என்பதே.

உதாரணத்துக்கு 2017இல் வாங்கிய இரண்டு கம்பியூட்டர்களை எடுப்போம். இரண்டிலும் அக்காலத்தில் பேர்போன ஜீ.டி.எக்ஸ். 1060 கிராபிக்ஸ் கார்ட். இரண்டிலும் டி.டி.ஆர்.4 ரெம். ஒன்றில் இன்டெல் கோர் ஐ5-7400, பி250 மதர்போர்ட். மற்றதில் ஏ.எம்.டி. ரைசன் 5 1600, பி350 மதர்போர்ட். வெளியே பார்த்தால் இரண்டும் சமவயதுப் பிள்ளைகள். ஆனால் அவற்றின் விதி வேறு.

முதலில் இன்டெல்லைப் பார்ப்போம். ஐ5-7400க்கு நான்கு கோர்கள், நான்கு திரெட்கள். பி250 மதர்போர்ட் ஏற்பது 6ஆம், 7ஆம் தலைமுறைப் புரொசசர்களை மட்டுமே. ஆக, போகக்கூடிய உச்சம் 7ஆம் தலைமுறை ஐ7. அதிலும் கோர்கள் நான்குதான், திரெட்கள் மட்டும் எட்டாகும். இங்கே ஒரு பொறியும் உண்டு. 8ஆம், 9ஆம் தலைமுறைப் புரொசசர்களின் சொக்கட்டும் எல்.ஜி.ஏ. 1151 என்றே அழைக்கப்படுகிறது. அளவும் ஒன்றுதான். ஆனால் பி250இல் அவை வேலை செய்யா. பெயரையும் அளவையும் பார்த்து வாங்கி வந்தால் காசு போனது போனதுதான்.

இனி ஏ.எம்.டி. ரைசன் 5 1600 இருக்கும் சொக்கட்டின் பெயர் ஏ.எம்.4. அதே சொக்கட்டை அந்நிறுவனம் பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது. 2022இல் பி350 போன்ற பழைய மதர்போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசைக்கான ஆதரவு திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ரைசன் 5 5600 சந்தைக்கு வந்தது. இதற்கும் ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள்தான். ஆனால் ஒவ்வொரு கோரின் வேகமும் 1600ஐ விட மிக அதிகம். இரண்டுக்கும் குறிப்பிட்ட மின்வலு 65 வாட்தான் என்பதால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை. மதர்போர்ட், ரெம், பெட்டி எல்லாம் அப்படியே இருக்கும். மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில், உங்கள் மொடலின் பக்கத்தில் 5600இன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

விண்டோஸ் போடும் கணக்கு

விளையாட்டை ஒரு பக்கம் வைப்போம். அதே கம்பியூட்டரில்தான் மகள் ஏ.எல். பாடம் படிக்கிறாள். உம்மா வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், வாப்பா வியாபாரக் கணக்கு எழுதுவதும் அதில்தான். ஆகவே அதன் பாதுகாப்பு முழு வீட்டின் பாதுகாப்பு.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளருக்கென, பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என்று ஒரு தவணையையும் அறிவித்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியல் வீட்டுக் கம்பியூட்டர்களைப் பொறுத்தவரை இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்தும் ரைசனில் 2000 வரிசையிலிருந்துமே தொடங்குகிறது. ஆக, 2017இல் வாங்கிய நம் இரண்டு கம்பியூட்டர்களும் பட்டியலுக்கு வெளியே.

வேறுபாடு இங்கேதான். ரைசன் வீட்டில் 5600ஐப் போட்டு, பயோஸில் டி.பி.எம். வசதியையும் இயக்கினால் கம்பியூட்டர் பட்டியலுக்குள் வந்துவிடும். விளையாட்டும் சீராகும், வீட்டுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். ஒரு காசில் இரண்டு காரியம். இன்டெல் வீட்டில் ஐ7-7700ஐப் போட்டாலும் அது பட்டியலுக்கு வெளியேதான் நிற்கும். விளையாட்டில் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். ஆனால் அடுத்த வருடமே “வாப்பா, இதிலே விண்டோஸ் ஏறுதில்லை” என்ற கதை வரும்.

ஆகவே முதல் வீட்டுக்கு என் ஆலோசனை: புரொசசரை மட்டும் மாற்றாதீர்கள். இருப்பதைச் சுத்தம் செய்து, ரெம்மைச் சரி செய்து பாவித்துக்கொண்டே, மதர்போர்டையும் புரொசசரையும் சேர்த்து மாற்றச் சிறுகச் சிறுகச் சேருங்கள். ஏ.எம்.4 மதர்போர்டோடு ரைசன் 5 5600, அல்லது டி.டி.ஆர்.4 ஏற்கும் எச்610 மதர்போர்டோடு இன்டெல் ஐ3-12100 என்று போனால், கையிலுள்ள டி.டி.ஆர்.4 ரெம்மையே தொடர்ந்து பாவிக்கலாம். 2025இன் கடைசி மாதங்களில் உலகச் சந்தையில் ரெம் விலை கடுமையாக ஏறியதை நினைத்தால் இது சிறிய லாபமல்ல. எச்610 மதர்போர்டுகள் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரண்டு வகையிலும் வருகின்றன. பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள்.

இரண்டாம் வீட்டுக்கு, புரொசசரை மாற்றுங்கள் என்பேன். ஆனால் அங்கும் ஓர் எல்லை உண்டு. ஜீ.டி.எக்ஸ். 1060க்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2025 ஒக்டோபரோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே 2028 வரை என்று அறிவித்தது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் போன்று புரொசசரை நம்பும் விளையாட்டுகளுக்கு 5600 நன்றாக உதவும். பெரிய படக்காட்சிகளோடு வரும் புதிய விளையாட்டுகளில் அடுத்துப் பிந்துவது கிராபிக்ஸ் கார்டாகவே இருக்கும். இதை மகன் இன்றே ஒப்புக்கொள்ள வேண்டும். “இது மட்டும் போதும்” என்று வாங்கிவிட்டு மூன்று மாதத்தில் அடுத்ததைக் கேட்பது அழகல்ல.

மாற்றும்போது கவனம்

ரைசன் வீட்டார் முதலில் பழைய புரொசசர் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதைப் போட்டுவிட்டுப் புதுப்பிக்க நினைத்தால் கம்பியூட்டர் எழும்பாமலே போகலாம். பயோஸ் புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் மதர்போர்டே செயலிழக்கக் கூடும். யூ.பீ.எஸ். இல்லாவிட்டால் ஒருவரிடம் இரவல் வாங்கியாவது வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏ.எம்.4 புரொசசரின் அடியில் மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. குளிரூட்டியை நேராக இழுத்தால், காய்ந்த பேஸ்டில் ஒட்டிய புரொசசரும் சேர்ந்து பிடுங்கி வந்து ஊசிகள் வளைந்துவிடும். கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, வயரைக் கழற்றியபின், குளிரூட்டியை மெதுவாக இடமும் வலமும் திருகித் தளர்த்திக் கழற்ற வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல்.

பாவித்த பொருள் வாங்குவதாயின், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவாக இருக்கட்டும், உங்கள் ஊர்க் கடையாக இருக்கட்டும், ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஊசிகளைப் பாருங்கள். மாற்றித் தரும் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறையின் வேகம் கூடிய சில புரொசசர்கள் அளவுமீறிய மின்னழுத்தத்தால் பழுதாகும் பிரச்சினையை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீடித்தது. அவற்றைப் பாவித்த நிலையில் வாங்குவோர் இதை நினைவில் வையுங்கள்.

கழற்றிய பழையதை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே தெரியும்படி வைக்காத வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் சிறுவயதில் மத்ரஸாவில் கேட்டதுதான். வளைந்து நிமிர்த்திய ஊசியும் ஈரத் தானியம்தான். சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையும், பரகத் குறையாது.

வீட்டு மஷூரா

கடைசியாக, காசைப் பற்றி. திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் வீண்விரயத்தைக் கடுமையாகக் கண்டிக்கிறது. 25ஆம் அத்தியாயமோ, செலவழிப்பதில் வரம்பு மீறாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் நடுவில் நிற்போரைப் புகழ்கிறது. ஆகவே, விளையாட்டுச் சாமான் என்றதுமே “வீண்” என்று தட்டிவிடுவதும் நடுநிலையல்ல, கேட்டதும் வாங்கிக் கொடுப்பதும் நடுநிலையல்ல.

ஒரு கடதாசியை எடுங்கள். சோதனையில் கண்டதை மகன் எழுதட்டும்: கிராபிக்ஸ் கார்ட் எத்தனை சதவீதம், சூடு எத்தனை பாகை, படத் தெளிவைக் குறைத்தபோது வேகம் என்னவாயிற்று. மதர்போர்ட் ஏற்கும் உச்சப் புரொசசர் எது, அதன் விலை என்ன, அது விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறதா என்பதையும் எழுதட்டும். எதிர்ப்பக்கத்தில் அந்த மாதத்து டியூஷன் காசு, கரண்ட் பில், மருந்து ஆகியவற்றை வாப்பா எழுதட்டும். இரண்டு பக்கத்தையும் வீட்டார் எல்லோரும் பார்க்கட்டும். கிரெடிட் கார்ட் தவணையில் எடுக்க எண்ணினால், ஒரு தவணை பிந்தினால் ஏறும் வட்டியையும் அதே கடதாசியில் எழுதுங்கள். ஒரு விளையாட்டுக்காக வட்டியை வீட்டுக்குள் அழைத்து வராதீர்கள்.

வாப்பாமாரே! பிள்ளை இவ்வளவும் தேடி எழுதி வந்தால் அவன் வெறும் ஆசைக்குக் கேட்கவில்லை, பொறுப்போடு கேட்கிறான். அப்படி வந்தவனுக்கு முடியாது என்று சொல்வதாயினும் காரணத்தைச் சொல்லி, எத்தனை மாதத்தில் முடியும் என்பதையும் சொல்லுங்கள். கொடுத்த வாக்கை மறக்காதீர்கள்.

தம்பிமாரே! கடதாசியின் மறுபக்கத்தை நீங்களும் வாசியுங்கள். புரொசசர் வேகமானால் விளையாட்டு சீராக ஓடும். ஆனால் இஷாவுக்குப் பிறகு திரையின் முன் அமர்ந்தவர் ஸுபஹுக்கு எழும்பாமல் போனால், அந்தப் பிந்தலைச் சரி செய்ய எந்தக் கடையிலும் சாமான் கிடையாது. பாதிக் காசை நானே சேர்க்கிறேன் என்று முன்வந்து பாருங்கள். வாப்பாவின் முகம் எப்படி மலர்கிறது என்று தெரியும்.

மாற்றலாம் என்று கடதாசி சொன்னால் பிஸ்மில்லாஹ் சொல்லி மாற்றுங்கள். பொறுக்கலாம் என்று சொன்னால் பொறுங்கள். பழைய கம்பியூட்டரும் கொஞ்சம் பொறுமையாகத்தான் ஓடும், அவ்வளவுதானே.

உழைத்த காசை உரிய இடத்தில் செலவழிக்கும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதமும் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.